பாவை மேல் பழி வேண்டாம்

கேள்வி: கொல்லிமலைக்குப் போட்டால் நர்ஸ்கள் உடனே மாற்றல் கேட்கிறார்களே, கொல்லிப்பாவை பயமா? அரசு என்னதான் செய்யலாம்?
— ஒரு வாசகர், செம்மேடு

பதில்: பாவை பாவம், அவளை விடுங்கள். பழங்கதைப்படி அவள் சிரித்துத்தான் ஆளை வீழ்த்துவாளாம். நர்ஸை விரட்டுவது சம்பளச் சீட்டு. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆயிரக்கணக்கான நர்ஸ்களைத் தேர்வு வைத்து எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று பேச்சு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனாவுக்கு எடுத்தவர்கள் கதை இன்னும் சுருக்கம்: 2022 டிசம்பர் 31-உடன் வேலை முடிந்தது. நாம் தட்டிய கைத்தட்டலுக்கு பி.எஃப். பிடித்தம் இல்லை என்பதுதான் ஒரே லாபம்.

அடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருபவரிடம் தொகுப்பூதியத்தை நீட்டினால் அடுத்த பஸ்ஸைத்தான் பார்ப்பார். மலையில் வேலை பார்க்கும் அரசு டாக்டருக்கு மேற்படிப்பில் ஊக்க மதிப்பெண் உண்டு; அந்தத் தாராளத்தை நர்ஸ் பக்கமும் நீட்டலாம்.

அதைவிட நல்ல வழி, ஆளை மலையிலேயே தேடுவது. கிராமத்தில் பிறந்தவர்களைப் படிக்கவைத்தால் கிராமத்தில் தங்குவார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது. தாய்லாந்து அதைப் பல வருடங்களாகச் செய்கிறது. இங்கும் மலையின் வாழவந்திநாட்டுப் பெண்ணுக்கும் அரியூர்நாட்டுப் பெண்ணுக்கும் நர்சிங் சீட்டு, உதவித்தொகை, படித்து முடித்ததும் சொந்த மலையில் நிரந்தர வேலை என்று தரலாம். குவார்ட்டர்ஸில் தண்ணீரும் கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கட்டும். இதற்கொரு கமிஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள். வளைவு ஏறினால் கமிஷன்காரர்களுக்குத் தலை சுற்றும்.