பத்துக்குப் பத்து

முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். 35 வேண்டிய இடத்தில் 33 வாங்கியவனுக்காக, ‘ஸ்டெப் மார்க்’ எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று விடைத்தாளை விளக்கடியில் புரட்டிய இரவுகள் உண்டு. ஃபெயில் என்றால் எனக்கு அதுதான் தெரியும். பத்துக்கு ஒன்பது போட்டாலே ஃபெயில் என்று கண்கலங்கும் ஒரு ஜீவனை, ஓய்வு பெற்ற பிறகு கார் சர்வீஸ் சென்டரில்தான் பார்த்தேன். அவர்தான் சர்வீஸ் அட்வைசர்.

அப்பா அம்மா வைத்த பெயர் கழுத்து டேக்கில் இருக்கும். படிப்பதற்குள் டேக் திரும்பிக்கொள்ளும். படித்து மனப்பாடம் செய்தாலும் பயனில்லை. அடுத்த சர்வீசுக்குள் அவர் எதிர்ச்சாரியில் இருக்கும் போட்டிக் கம்பெனிக்குப் போயிருப்பார். “இந்த இன்ஜினை அடிச்சுக்க ஆளே இல்ல சார்” என்று இங்கே சொன்னதை அங்கே அந்த இன்ஜினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆள்தான் மாறுவார். இன் செய்த சட்டை, நெற்றியில் சின்னக் கீற்று, கையில் டேப், காதில் ஒரு போன், பையில் அடித்துக்கொண்டே இருக்கும் இன்னொரு போன் எல்லாம் அப்படியே இருக்கும்.

இப்படி ஓர் உத்தியோகம் அந்தக் காலத்தில் கிடையாது. அம்பாசிடர் காலத்தில் வண்டிக்கும் சொந்தக்காரருக்கும் நடுவில் ஒரே ஒரு மெக்கானிக். அவர் வண்டியோடு பேசுவார், சொந்தக்காரரோடு பேச மாட்டார். பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டு, பீடியை அணைத்துவிட்டு, “சாயங்காலம் வா” என்பார். அவ்வளவுதான் கஸ்டமர் கேர். அந்த வண்டியில் ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும் என்று ஊரே சிரித்தது. ஆனாலும் வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பிள்ளையாகப் பிறந்து, 2014-ல் உத்தரபாராவில் மூச்சை நிறுத்தும்வரை அந்த வண்டிக்கு ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற வார்த்தையே தெரியாது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1993-ல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. 1998-ல் நம்ம இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ புறப்பட்டது. வரிசையில் நின்றவன் ராஜாவானான். ராஜா என்றால் மந்திரி வேண்டுமே! மெக்கானிக்கைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, இந்தப் பக்கம் மந்திரியை நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் இருப்பவருக்கு வேலை தெரியும், பேச விட மாட்டார்கள். இந்தப் பக்கம் இருப்பவரோ பேசுவதையே வேலையாகச் செய்கிறவர்.

என் கதைக்கு வருகிறேன். திருச்சியில் என் வண்டி ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் பின்பக்கம் ‘கடக் கடக்’ என்றது. காலையில் ஒரு கடக், மாலையில் இரண்டு. தில்லைநகரில் சத்தம் அதிகம், புத்தூர் பக்கம் குறைவு. இதையெல்லாம் தேதிவாரியாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வாத்தியார் புத்தி.

“வாங்க சார், வணக்கம் சார், எப்படி இருக்கீங்க சார்?” என்று ஒரே மூச்சில் மூன்று சார். என் இரண்டு பக்க அறிக்கையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டேப்பில் ‘ரியர் நாய்ஸ், செக்’ என்று தட்டினார். திருக்குறளே ஏழு சீர். இவர் மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அப்புறம் வண்டியை ஒரு பிரதட்சணம் வந்தார். கீறல்களைப் படம் பிடித்தார். நாளைக்குப் புதிதாக ஒன்று விழுந்தால் எது அவர்கள் போட்டது, எது என் மனைவி போட்டது என்று தெரிய வேண்டும் அல்லவா? பிறகு இருப்புக் கணக்கு. “ஸ்டெப்னி உண்டு, டூல் கிட் உண்டு, ஜாக்கி உண்டு” என்று மூன்று டிக். டிக்கியைத் திறக்கவே இல்லை. முனிவர்களுக்கு இருந்ததாகச் சொல்வார்களே ஞானதிருஷ்டி, அதுதான்.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடலாம் சார்” என்று கூடவே ஏறினார். மூன்று ஸ்பீடு பிரேக்கர் தாண்டினோம். சத்தமே இல்லை. இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு மட்டும் கைகட்டி உட்காரும் கடைசி பெஞ்ச் மாதிரி வண்டி வாயை மூடிக்கொண்டது. அட்வைசர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஏளனமும் இல்லை. வயதானவர்களிடம் காட்டுகிற பரிவு இருந்தது. அதுதான் சுட்டது.

இந்த இடத்தில் அவருடைய மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேட்பதற்குத் தமிழ் மாதிரி இருந்தாலும் அதற்குத் தனி அகராதி வேண்டும்.

‘எல்லா வண்டியிலயும் அப்படித்தான் சார்’ என்றால், குறை பொதுவுடைமை ஆகிவிட்டது, உங்களுக்கு மட்டும் தனியாக வருத்தப்பட உரிமை கிடையாது.

‘அது இந்த வண்டியோட கேரக்டர் சார்’ என்பது அதற்கு அடுத்த படி. பொண்ணு பார்க்கும்போது சொல்லாமல் கல்யாணத்துக்குப் பிறகு, “அவ சுபாவமே அப்படித்தான் மாப்பிள்ளை” என்பார்களே, அதே ராகம்.

‘ஓட்டுங்க சார், செட் ஆயிடும்’ என்றால், வண்டி செட் ஆகாது, நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

‘கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்’ என்பது வேண்டுதலைச் சீட்டில் எழுதி சந்நிதியில் கட்டுகிற கணக்கு. பதில் வரும் தேதி பகவான் சித்தம்.

‘வேர் அண்ட் டேர் சார், வாரன்ட்டியில வராது’ என்பதற்கு விளக்கம் எளிது. கெட்டுப்போனது எதுவோ அதற்கு வாரன்ட்டி இல்லை. கெடாமல் இருக்கும் எல்லாவற்றுக்கும் முழு வாரன்ட்டி உண்டு.

எதுவும் எடுபடாவிட்டால் கடைசி அஸ்திரம் எலி. “வயரை எலி கடிச்சிருக்கு சார்.” மறுக்க முடியாது, ஊரில் எலியும் இருக்கிறது, அது வயரையும் கடிக்கிறது. பிள்ளையாரின் வாகனம் என் வாகனத்தைக் கடித்தால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

வண்டியை விட்டுவிட்டு லவுஞ்சில் உட்கார்ந்தேன். பதினொன்றே முக்காலுக்கு போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்கிறார்.

“சார், உங்க ஏர் ஃபில்டரைப் பார்த்தேன். ரொம்ப மோசமா இருக்கு. வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிருக்கேன்.”

பார்த்தேன். கரிக்கட்டை மாதிரி ஒன்று. என்னுடையதா, ஊரில் யாருடையதோ, ஃபில்டரில் முகவரியா எழுதியிருக்கும்?

“இன்ஜின் டீகார்பனைசிங் பண்ணிடலாமா சார்? அண்டர்பாடி கோட்டிங்? ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன்?”

“தம்பி, அந்தக் கடக் கடக்...”

“பார்த்துக்கிட்டே இருக்கோம் சார். அப்புறம் பிரேக் பேட் அறுபது பர்சென்ட் தேஞ்சிருக்கு. உங்க இஷ்டம் சார். சேஃப்டி மேட்டர், அதான் சொன்னேன்.”

‘உங்க இஷ்டம்’ என்பதையும் ‘சேஃப்டி’ என்பதையும் அடுத்தடுத்துச் சொன்னால் எந்தக் குடும்பஸ்தனும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். நானும் சொல்லவில்லை. பின்பக்க சஸ்பென்ஷன் புஷ்ஷையும் மாற்றினார்கள். எஸ்டிமேட் 4,200. பில் 9,860. 2025 செப்டம்பரில் உதிரிபாக ஜிஎஸ்டியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்களே என்று கேட்டேன். “ஆமா சார், குறைச்சதாலதான் இவ்வளவு” என்றார். கணக்கு வாத்தியாரையே வாயடைக்க வைத்த கணக்கு அது.

பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் போல இல்லை. எழுந்து நின்று, “கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்!” என்று சத்தம் போட்டார். நியாயமான சத்தம்தான். 1986-லேயே வந்த சட்டம், 2020 ஜூலையிலிருந்து புது வடிவில் இருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமே இல்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அதற்கு முன் 1915-க்கு ஒரு போன் போட்டும் பார்க்கலாம். பாதுகாப்பைக் கெடுக்கும் உற்பத்திக் குறை என்றால், 7 வயதுக்கு உட்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுக்கச் சொல்லி அரசே உத்தரவிடவும் 2021 ஏப்ரலிலிருந்து வழி இருக்கிறது.

அட்வைசர் அசையவில்லை. “காபி சாப்பிடுறீங்களா சார்?” என்றார். கோர்ட்டு கம்பெனியின் கவலை. அவருடைய கவலை வேறு. அந்தக் கோபக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது ஜன்னலில் குனிந்து அவர் சொன்னது எனக்குக் கேட்டது:

“சார், ரெண்டு நாள்ல ஒரு கால் வரும். பத்துக்குப் பத்து குடுத்துருங்க சார். ஒன்பது குடுத்தாலும் எனக்கு ஃபெயில்தான்.”

இந்த மார்க் போடும் வழக்கத்தின் பூர்வீகம் விசித்திரமானது. 1968-ல் அமெரிக்காவில் ஜே.டி. பவர் என்ற கம்பெனி ஒரு வீட்டின் சமையலறை மேஜையில் பிறந்தது. கார் வாங்கியவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி பதில் வாங்குவதுதான் தொழில். 1970-களின் தொடக்கத்தில் மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜின் கார்களைப் பற்றி வந்த பதில்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த நிறுவனரின் மனைவி ஜூலி, ஒரு விஷயத்தைக் கவனித்தார். 30,000 மைலுக்கு மேல் ஓடிய வண்டிகளில் ‘ஓ-ரிங்’ என்ற சின்ன வளையம் போய்க்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் சொல்லாததை வீட்டில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கண்டுபிடித்துவிட்டார். பேப்பரில் செய்தியாகி ஜே.டி. பவருக்குப் பேர் கிடைத்ததே அதனால்தான்.

குறையைக் கண்டுபிடிக்கக் கேட்ட கேள்வி அது. அதுவே சம்பளத்தோடு முடிச்சுப் போட்டு இங்கே வந்து சேர்ந்தபோது, குறையே இல்லை என்று கையெழுத்து வாங்கும் கேள்வியாகிவிட்டது. எந்தப் பரீட்சையிலும் மாணவன் திருத்துகிறவர் வீட்டு வாசலில் நின்று, “சென்டம் போட்டுருங்க சார்” என்று கேட்க விடுவார்களா?

ஆனாலும் அவரைக் கோபிக்க முடியவில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது வண்டி என்றார். மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு. கோட்டிங் இத்தனை, டீகார்பனைசிங் இத்தனை என்று தினம் டார்கெட். அத்தனையும் முடித்தாலும் அந்த ஒரு மார்க் குறைந்தால் இன்சென்டிவ் போச்சு. வண்டியைச் செய்த தொழிற்சாலை எங்கோ இருக்கிறது, விற்ற முதலாளி மாடியில் ஏசி அறையில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர வேண்டிய திட்டைக் கீழே வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் இவர் கழுத்தில் டேக்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே தில்லைநகரில் ‘கடக் கடக்’. மறுநாளே திரும்பிப் போனேன். அகராதியிலிருந்து இன்னும் இரண்டு வாக்கியம் கேட்டேன். சாயங்காலம் வண்டியைக் கழுவி வெளியே கொண்டுவந்தார்கள். வாட்டர் வாஷ் பையனுக்குப் பத்தொன்பது வயது இருக்கலாம். வடக்கே எங்கிருந்தோ வந்தவன். முட்டி வரை நனைந்த பேன்ட், காலில் கம்பூட்ஸ். டிக்கிக்குள் வேக்குவம் போட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தினான். மேட்டைத் தூக்கினான். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருந்த ஜாக்கியை ஒரு விரலால் ஆட்டினான்.

கடக் கடக்.

என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த தமிழில் பாதியைச் செலவழித்து, “சார்... ஜாக்கி. லூசு” என்றான். அதன் திருகை இரண்டு விரலால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினான். மறுபடி ஆட்டிப் பார்த்தான். சத்தம் இல்லை. வேக்குவத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

அட்வைசரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. முகமெல்லாம் மலர்ந்தது.

“பார்த்தீங்களா சார்! வண்டியில ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்லன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல!”

இரண்டு நாளில் அந்த போன் வந்தது. இனிமையான குரல். அட்வைசர் புன்னகையோடு வரவேற்றாரா, வேலைகளை விளக்கினாரா, சொன்ன நேரத்துக்கு வண்டி தந்தாரா, வண்டி சுத்தமாக இருந்ததா? எல்லாம் கேட்டார்கள். சத்தம் நின்றதா என்று ஒரு கேள்வி வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“வாட்டர் வாஷ் பையன் ஒருத்தன் இருந்தான்மா. அவனுக்கு மார்க் போடணும்” என்றேன்.

“அந்த ஆப்ஷன் இல்லைங்க சார். ஓவரால் பத்துக்கு எவ்வளவு சார்?”

நனைந்த பேன்ட்டையும் அந்த இரண்டு விரலையும் நினைத்துக்கொண்டு, “பத்து” என்றேன். அது அட்வைசர் கணக்கில் ஏறியது.

பரீட்சை எழுதியது ஒருவன், மார்க் வாங்கியது இன்னொருவர். பள்ளிக்கூடத்தில் இதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர். என் முப்பத்திரண்டு வருட சர்வீசில் ஒரு தடவைகூட அதற்குத் துணை போனதில்லை. இந்த ஒரு சர்வீசில் போய்விட்டேன்.