நாயகன் வேடம் புரவலருக்கே

தஞ்சாவூர் அரண்மனைக்குள் சங்கீத மகால் என்று ஒரு மண்டபம் இருக்கிறது. நாயக்கர் காலத்து ஆட்டபாட்டத்துக்கான இடம். அதற்குச் சுண்ணாம்பு பூசி, விளக்குப் போட்டு, ஒரு நாடக சீசன் நடத்தச் சொல்லிச் சாவியை என் கையில் கொடுத்தால் நான் புது நாடகம் எதையும் தேடி அலைய மாட்டேன். இந்த ஊர் ராஜாக்கள் தாங்களே எழுதியும் எழுதவைத்தும் போட்டவையே போதும். அவற்றில் பெரிய வசதி ஒன்று: செலவு யாருடையதோ அவர்தான் கதாநாயகன். தப்பினால் அவருடைய அப்பா.

முதல் நாள் ராஜராஜேஸ்வர நாடகம். இதற்கு வசனம் கிடையாது. வசனம் போய்விட்டது, சம்பளக் கணக்கு மட்டும் கல்லில் பத்திரமாக இருக்கிறது. இரண்டாம் ராஜேந்திர சோழன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1050-களின் பின்பாதியில், பெரிய கோவிலில் வெட்டிவைத்த உத்தரவு அது. வைகாசிப் பெரிய திருவிழாவில் இந்த நாடகத்தை ஆட, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விஜயராஜேந்திர ஆசாரியனுக்கும் அவன் வம்சத்தாருக்கும் நாளுக்குத் தூணி நெல், வருஷத்துக்கு 120 கலம்.

நடிகர் பெயரை அறிவித்து முடிப்பதற்குள் மூன்றாவது மணி அடித்துவிடும், போகட்டும். கூலியைப் பாருங்கள். ஆட்டம் வைகாசியில், மூன்று தூணி ஒரு கலமாகப் போட்ட கணக்கோ 360 நாளுக்கு. இப்படி ஓர் ஒப்பந்தத்தை எந்த சினிமா நடிகரின் மேனேஜரும் இதுவரை வாங்கித் தந்ததில்லை. பதிலுக்கு அவர் பட்டத்திலேயே 'ராஜேந்திர' ஒட்டியிருக்கிறது. விளம்பரதாரர் சும்மா விடுவாரா? கதை ராஜராஜனைப் பற்றியதா, ராஜராஜேஸ்வரத்து ஈசனைப் பற்றியதா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். பேரனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

தாத்தா ராஜராஜன் இன்னும் பெரிய கை. சோழ நாட்டுக் கோவில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோவில் ஆடல் மகளிரை, தஞ்சைக்குப் பெயர்த்துவந்து, தெரு, சிறகு, வீட்டு வரிசை போட்டுக் குடிவைத்து, தலைக்கு 100 கலம் நெல் என்று பெயர் பெயராக எழுதிவிட்டார். ஆளைப் பறிகொடுத்த கோவில்கள் அந்த வருஷத் திருவிழாவுக்கு என்ன செய்தன என்பதை எழுதக் கல்லில் இடம் போதவில்லை.

அப்புறம் 600 வருஷத்தைத் தாண்டிக் குதித்தால் விஜயராகவ நாயக்கர். அப்பா ரகுநாத நாயக்கரை நாயகனாக்கி, தானே தெலுங்கில் 'ரகுநாதாப்யுதயம்' எழுதினார். தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டால் ஊர் சிரிக்காதா? அந்தப் பொறுப்பை அரசவைக் கவி ரங்காஜம்மா ஏற்று 'மன்னாருதாச விலாசம்' பாடினார். மன்னாருதாசன் வேறு யாருமில்லை, சாட்சாத் விஜயராகவரேதான். கவிக்குக் கனகாபிஷேகம் நடந்தது. 1673-ல் மதுரையிலிருந்து சொக்கநாத நாயக்கர் படை வந்தது. அதில் ஒருவரும் நாடகம் பார்க்க வரவில்லை.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் மராட்டிய சகஜி ராஜா (1684–1712). ராஜா மராட்டி, அவைப் புலவர் தெலுங்கு, ஊரார் தமிழ், பண்டிதர் சம்ஸ்கிருதம். யார் முகம் சுண்டினாலும் சங்கடம். இந்தியையும் சேர்த்து ஐந்து மொழியில் 'பஞ்சபாஷா விலாசம்' என்று ஒரே நாடகமாகப் போட்டுவிட்டார். பல தேசத்து இளவரசிகள் அவரவர் பாஷையில் கண்ணனுக்காக உருகுகிறார்கள். பான் இந்தியா என்று இன்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் 300 வருஷம் தாமதம், அதுவும் டப்பிங்கோடு.

அவருடைய 'சதிதான சூரம்' இன்னும் விசேஷம். படித்த பிராமண குரு ஒருவர், தீண்டக்கூடாது என்று ஊர் ஒதுக்கிய குடும்பத்துப் பெண்ணைக் கண்டு மதிமயங்குகிறார். சீடன் குருவுக்குப் புத்தி சொல்கிறான். அவளுடைய புருஷனோ, தானம் கேட்டால் அவளையே கொடுத்துவிடுவது என்று கிளம்புகிறான். இதை இன்று மேடையேற்ற நினைக்கும் சபா செயலாளர் ஒத்திகைக்கு முன்னால் வக்கீலைப் பார்ப்பார். அன்று மனம் புண்பட்டவர்கள் மனு கொடுக்கக்கூட வழியில்லை. மனுவை வாங்க வேண்டியவர்தான் ஆசிரியர்.

இரண்டாம் சரபோஜிக்கு வேறு தொல்லை: நேரம் மிஞ்சிக் கிடந்தது. 1799 உடன்படிக்கையில் கம்பெனிக்காரன் நாட்டை எடுத்துக்கொண்டு, கோட்டையையும் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கையும் விட்டுவைத்தான். ராஜா மராத்தியில் 'தேவேந்திர குறவஞ்சி' எழுதினார். குறத்தி வந்தால் கையைப் பிடித்துக் குறி சொல்வாள் என்றுதானே உட்கார்ந்திருப்போம்? இவள் இந்திராணிக்குப் பூகோளப் பாடம் எடுக்கிறாள், கண்டம் கண்டமாக, தேசம் தேசமாக. தன் ராஜ்யம் கைநழுவியவர், மற்றவர்களுடையதாவது இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்திருக்கலாம்.

அதற்காக நாயகன் வேடத்தை விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகரின் 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி'யில் தலைவி உருகுவது இவருக்காகத்தான். பெரிய கோவில் விழாவில் அதை ஆடினார்கள். சரபோஜி 1832-ல் போனார். மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசில்லாமல் இறக்க, கம்பெனி மிச்சத்தையும் சுருட்டிக்கொண்டது. தலைவி மட்டும் இருபதாம் நூற்றாண்டு வரை அதே ராஜாவுக்காக வருஷா வருஷம் உருகிக்கொண்டிருந்தாள். யாரும் போய் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

நிகழ்ச்சி நிரல் தயார், புரவலர்தான் பாக்கி. நாயகன் வேடம் காலியாக இருக்கிறது; கட்டணம் சோழர் காலத்து 120 கலமேதான், ஒரு மரக்கால் ஏற்றவில்லை. சம்பாவோ தாளடியோ, எந்த நெல்லும் சரி. கொள்முதல் நிலையத்தில் கேட்பதுபோல் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் இரண்டாம் சேவகன் வேடம்.