பிப்ரவரி சாம்பியன்

மோட்டோஜிபி பைக் ரேஸில் சாம்பியன் யார் என்பது உலகத்துக்கு வருஷக் கடைசியில்தான் தெரியும். ரேஸ் பைத்தியமான நம்மவருக்கு பிப்ரவரியிலேயே தெரிந்துவிடும். அதுவும் ரைடர்கள் டீம் மாறிய வருஷமென்றால், முதல் ரேஸ் வரைக்கும் மனுஷருக்குத் தரையில் கால் பாவாது.

சீசனுக்கு முன்னால் நடக்கும் செபாங் டெஸ்ட் மலேசியாவில் காலை பத்து மணிக்குத் தொடங்கும். நமக்கு ஏழரை. வீட்டாருக்கும் அன்றைக்கு ஏழரைதான். பல் விளக்குவது, டிபன், பஸ் எல்லாமே லேப் டைமுக்கு நடுவில் நடக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் விற்பனைக் கணக்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு எக்செல் ஷீட் திறந்திருக்கும். மானேஜர் அந்தப் பக்கம் வந்தால் மட்டும் விற்பனை முன்னுக்கு வரும்.

வேண்டிய ரைடர் பட்டியலில் முதலில் இருந்தால், “வேகம்னா இதுதான் சார்!” பதினைந்தாவதாக இருந்தால், “பழைய டயர். டெஸ்ட்ல யாராவது முழு வேகத்தைக் காட்டுவானா?” வேண்டாதவர் முதலில் வந்துவிட்டால், “புது டயர் போட்டு ஒரே ஒரு லேப் அடிச்சிருக்கான். ரேஸ் முழுக்கத் தாங்குமா?”

இவர் சட்டைப் பையில் இரண்டு சட்டங்கள் எப்போதும் தயார். முதலாவது, 2004. ஜெயித்துக்கொண்டிருந்த ஹோண்டாவை விட்டு, தடுமாறிக்கொண்டிருந்த யமஹாவுக்குப் போன வாலண்டினோ ரோஸி, தென்னாப்பிரிக்காவின் வெல்கம் ஊரில் முதல் ரேஸிலேயே ஜெயித்தார். அந்த வருஷ சாம்பியனும் அவரே. ஆகவே, “பைக்கில் என்ன இருக்கு? ஓட்டறவன் கையிலதான் எல்லாம்.”

இரண்டாவது, 2011. அதே ரோஸி டுகாட்டிக்குப் போனார். முந்தைய நவம்பரில் வாலென்சியா டெஸ்டில் பதினைந்தாவது. “தோள்ல அடி. ஆபரேஷன் முடியட்டும், பாருங்க” என்றார் நம்மவர். ஆபரேஷன் முடிந்தது. இரண்டு சீசனும் முடிந்தன. ஒரு வெற்றிகூட இல்லை. டுகாட்டியை விட்டு ஹோண்டாவுக்குப் போன கேசி ஸ்டோனரோ 2011-லேயே சாம்பியன். ஆகவே, “ஓட்டறவன் என்ன செய்வான்? பைக் சரியில்லைன்னா கடவுளே வந்தாலும் முடியாது.”

பிடித்த ரைடர் டீம் மாறினால் முதல் சட்டம் செல்லும். பிடிக்காதவர் மாறினால் இரண்டாவது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாயிற்றே என்று கேட்டீர்களானால், உங்களுக்கு ரேஸ் தெரியாது.

2023 நவம்பரில் இன்னொரு கலையும் இவருக்குக் கைவந்தது. ஹோண்டாவில் பதினொரு சீசன் இருந்த மார்க் மார்க்கெஸ், வாலென்சியாவில் முதல்முறையாக கிரெசினி டீமின் டுகாட்டியில் ஏறினார். பழைய ஒப்பந்தம் வருஷக் கடைசிவரை இருந்ததால் வாய் திறக்கக் கூடாது. சில சுற்று ஓட்டிவிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு சிரிப்புச் சிரித்தார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை நிறுத்தி, பெரிதாக்கி, கடைவாய் எவ்வளவு விரிந்தது என்று பார்த்து, அடுத்த சீசனையே கணித்துவிட்டார் நம்மவர்.

டீம் மாறுவதன் செலவு முழுக்க வீட்டு பீரோவில் தெரியும். மார்க்கெஸின் எண் 93 போட்ட டி-ஷர்ட் 2023-இல் ஆரஞ்சு, 2024-இல் இளநீலம், 2025-இல் சிவப்பு. “ஏங்க, அந்த ஆரஞ்சை வண்டி துடைக்க எடுத்துக்கட்டுமா?” என்று மனைவி கேட்டால், “நம்பர் மாறலையே!” என்று பதறுவார்.

இத்தனை கணக்கிலும் இல்லாத ஒன்று கீழே விழுவது. 2024 சாம்பியன் ஹோர்ஹே மார்ட்டின், 1 என்ற எண்ணோடு அப்ரிலியாவுக்கு மாறி, 2025 செபாங் டெஸ்டின் முதல் நாளே விழுந்து கையையும் காலையும் முறித்துக்கொண்டார். மார்ட்டினுக்காக எக்செல்லில் போட்டுவைத்திருந்த புள்ளிகளையெல்லாம் நம்மவர் சாயங்காலத்துக்குள் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் மார்க்கெஸ் ஐந்து ரேஸ் வாரங்கள் மீதமிருக்கும்போதே, ஜப்பானில் பட்டத்தை முடித்தார். “நான்தான் அப்பவே சொன்னேனே!” சொன்னார்தான். அதே பிப்ரவரியில் இன்னும் நாலு பேர் பெயரையும் சொன்னார்.

ஆகையால், பிப்ரவரியில் இவரிடம் சிக்கினால் வாதாடாதீர்கள், தோற்றுவிடுங்கள். சிவப்பு விளக்கு அணைந்து முதல் ரேஸ் கிளம்பும்வரைதான் இந்தத் தொல்லை. அதற்கப்புறம் உங்களைப் பிடித்துப் பேச அவருக்கு நேரம் இருக்காது. காரணம் தேடவே சரியாக இருக்கும்.