22 வருஷம் ஓடிய பெருமாள்

காலில் விலை சொன்னால் மயக்கம் வரும் ஷூ, மணிக்கட்டில் தூரம் சொல்லும் கடிகாரம், நெஞ்சில் எண். நெடுந்தூரம் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எங்கள் காஞ்சிபுரத்துப் பெருமாள் ஞாபகம்தான் வரும். வரதராஜர் ஓடியது காஞ்சியிலிருந்து உடையார்பாளையம் வரை, ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கிளம்பியது 1688. வீடு திரும்பியது 1710. பதக்கம் கிடையாது; கல்வெட்டு உண்டு.

பந்தயத்தைத் தொடங்கிவைத்தவர் ஔரங்கசீப். 1686இல் பிஜாப்பூர், மறு வருஷம் கோல்கொண்டா என்று முடித்துவிட்டு அவர் படை தெற்கே திரும்பியதும், வரதராஜர், ஏகாம்பரநாதர், காமாட்சி என்று மூன்று கோயில்காரர்களுக்கும் வயிற்றைக் கலக்கியது. யானைக்கு எந்த நாமம் போடுவது என்பதற்கே கோர்ட்டு வாசல் மிதித்த ஊர் இது. அங்கே சைவமும் வைணவமும் ஒரே குரலில் எடுத்த முடிவு ஒன்று உண்டென்றால், அது ஓடிவிடுவோம் என்பதுதான்.

எப்படி ஓடுவது? பாடையில். உற்சவரைப் பிணம்போலச் சுற்றிக் கிடத்தி, சுடுகாட்டுக்குப் போவதாகச் சொல்லித் தூக்கிப்போனார்கள் என்பது ஊர்ப்பேச்சு. தறிக்குத் தறி பட்டு நெய்கிற ஊரின் பெருமாளுக்கு அன்று வாய்த்தது கோடித் துணி. கூட அழுதுகொண்டு போனவர்களுக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது. கேட்ட வரம் தருகிறவர் வரதர். அன்றைக்கு அவரே கேட்டது நாலு தோள்.

(அனந்தசரஸ் குளத்தில் கிடக்கும் அத்தி வரதரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் கட்சி நீச்சல். 1979இல் ஒருமுறை, 2019இல் ஒருமுறை என்று 40 வருஷத்துக்கு ஒருதரம் மூச்சு வாங்க மேலே வருவார்.)

தெற்கே போகிறவனுக்குப் பாலாறு, செய்யாறு, தென்பெண்ணை, வெள்ளாறு என்று ஆறுகள் குறுக்கே படுத்திருக்கும். நடுவில் ஏரிக்கரைகள், கருவேல முள், செம்மண் மேடு. தண்ணீர்ப் பந்தல் வைத்துக் கைதட்ட யாரும் இல்லை. கட்டுச்சோறாகக் கோயில் இட்லிதான் போயிருக்கும் என்பது என் கட்சி. மிளகும் சுக்கும் போட்ட அந்த இட்லி இரண்டு நாள் கெடாது. கல்வெட்டு இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தூக்கியவர்களின் பெயரையும் ஊர் மறந்துவிட்டது. 22 வருஷத்துக்கான புகழ் முழுக்கப் படுத்திருந்தவருக்கே போய்விட்டது.

உடையார்பாளையத்துக் காடு நல்ல ஒளிவிடம். பக்கத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் ஏரி. பாளையக்காரர் வரவேற்று, பூஜைக்கு ஏற்பாடு செய்து, கடைசியில் பெருமாளைத் தன் வீட்டு ஆளாகவே நினைத்துவிட்டார். துரத்திய ஔரங்கசீப் 1707இல் கண்ணை மூடினார். காஞ்சிக்காரர்கள் 1710இல் போய், “சாமியைக் கொடுங்கள், ஊருக்குப் போகணும்” என்றார்கள். பாளையக்காரர் முடியாது என்றுவிட்டார். விருந்தாளியை மூன்றாம் நாளே கிளப்பிவிடுகிற ஊர்க்காரனான எனக்கு அந்த மனுஷன்மேல் மரியாதைதான்.

ஜீயர் ஒருவர் தன் சீடர் லாலா தோடர்மாலிடம் முறையிட்டார். அக்பரின் தோடர்மால் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் 1589லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இவர் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் தளபதி. படையோடு போய் நின்றார். பாளையக்காரருக்குப் பக்தி தெளிந்தது. முகலாயப் படைக்குப் பயந்து ஓடியவரை முகலாயர் தரப்பு ஆளே ஊர் கொண்டுவந்து சேர்த்தார். திருமலையில் தாயோடும் மனைவியோடும் கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைக்காரர் இவர்தான்.

22 வருஷம் அதிகம் என்று வரதர் அலுத்துக்கொள்ள முடியாது. ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் 1323இல் கிளம்பி 1371இல்தான் வீடு திரும்பினார். காமாட்சியின் தங்க உருவமான பங்காரு காமாட்சியோ பந்தயத்தை முடிக்கவே இல்லை. உடையார்பாளையம் வழியாகத் தெற்கே போனவள் தஞ்சாவூர் மேல வீதியில் குடித்தனம் போட்டுவிட்டாள். அங்கே பூஜை செய்த குடும்பத்தில் வந்த சியாமா சாஸ்திரி பாட ஆரம்பித்த பிறகு யாருக்குத்தான் ஊர் நினைப்பு வரும்?

வரதர் திரும்பிய நாளைப் பங்குனியில் இன்றைக்கும் உடையார்பாளையம் உற்சவம் என்றே கொண்டாடுகிறார்கள். அன்றைக்கும் நாலு பேர் தோளில்தான் போகிறார். இந்தத் தடவை நின்றுகொண்டு.