இப்போதைக்குக் கட்டிய ஹோஸ்

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர் வட்டத்தில், தேயிலைத் தோட்டங்களும் காடும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் ஓவேலிப் பேரூராட்சியில், எல்லமலைக்கும் பெரியசோலைக்கும் ஆளும் அரிசி மூட்டையும் ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்களின் உரிமையாளர்களுள் தனித்து ஆராயத்தக்க ஒரு வகையினர் உண்டு. இவரை ஒழுக்குக்காரர் எனலாம். எஞ்சினிலிருந்து தண்ணீர் எங்கே, எவ்வளவு, எந்த ஏற்றத்தில் ஒழுகும் என்பதையெல்லாம் பிசகின்றி அறிந்திருந்தும், அதை அடைக்க முற்படாமல் அதனோடு குடித்தனம் நடத்துவதே இவருக்குரிய இலக்கணம்.

இவரை அடையாளம் காண்பது எளிது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், ஒரு காலத்தில் சமையல் எண்ணெய் இருந்த ஐந்து லிட்டர் கேன் ஒன்று தண்ணீரோடு நிற்கும். சாலையைப் பிறர் ஊர்ப்பெயர்களால் அறிவார்கள் எனில், இவர் நீர்நிலைகளால் அறிவார்: பாறையிடுக்கு ஊற்று, தோட்டத்துக் குழாய், கோடையிலும் வற்றாத ஓடை, மழைக்காலத்தில் மட்டும் நம்பத்தக்க மதகு. கூலண்ட் எனப்படுவது எத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளைத் தண்ணீரோடு ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்து, துருத்தடுப்பியும் சாயமும் சேர்த்த திரவம் என்று எத்தனை பேர் எடுத்துரைத்தாலும், அது பச்சைத் தண்ணீருக்கு நிறம் போட்டு விற்கும் வியாபாரமே என்ற கொள்கையிலிருந்து இவர் இம்மியும் நகர்வதில்லை. (அத்திரவம் இனிப்பானது, நஞ்சும் கூட, வண்டிக்கடியில் தேங்கியதை நக்கும் நாய்கள் சாவதுண்டு. இவர் வெறுந்தண்ணீர் ஊற்றுவதால் ஓவேலியின் நாய்களுக்குச் செய்திருக்கும் உபகாரத்தை எவரும் பாராட்டியதில்லை.)

மலையின் இயற்பியலோ இவருக்கு எதிரானது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலுள்ள கூடலூரில் 96, 97 டிகிரியிலேயே கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 93 டிகிரிகூடத் தேவைப்படாது. இந்தக் குறையை ஈடுசெய்பவை ரேடியேட்டர் மூடியிலுள்ள சுருள்வில்லும் ரப்பர் வளையமும். அவை உள்ளே அழுத்தத்தைத் தேக்கிக் கொதிநிலையை இருபது டிகிரி அளவுக்கு உயர்த்துகின்றன. ஒழுக்குக்காரரின் வண்டியில் அந்த ரப்பர் வளையம் என்றோ பொடிந்துபோய், அதனிடத்தில் பழைய வேட்டியின் கிழிசல் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். கூடலூரிலிருந்து நடுவட்டம் நோக்கி இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது, எஞ்சினுக்குச் சுமை மிகுதி, முன்னிருந்து வரும் காற்றோ சொற்பம். ஆதலால் நீராவி வேட்டித்துணியை மீறி வெளிப்படுவதில் வியப்பில்லை. சூடாறும்வரை மூடியைத் தொடலாகாது, தொட்டால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும் என்பது பொது விதி. அரைமணி நேரம் காத்திருக்கச் சொல்லும் அந்த விதியை எழுதியவர்கள், அந்தி சாய்ந்தபின் யானை இறங்கும் ஓவேலிச் சாலையில் பயணிகளோடு நின்று பார்த்தவர்கள் அல்லர்.

ஒர்க்‌ஷாப்புக்கு இவர் போகாமலில்லை. “அண்ணே, ஹோஸ் பூரா விரிஞ்சு போச்சு, மாத்திடலாம்” என்று இளம் மெக்கானிக் சொல்லும்போது, “இப்போதைக்குக் கட்டிக் குடு தம்பி, தேயிலைக் காசு வரட்டும்” என்பதே மாறாத விடை. தண்ணீர் ஓடும் அந்த ரப்பர் குழாயின்மேல் சைக்கிள் ட்யூபை நாடாவாக அறுத்துச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்குவது முதல் சிகிச்சை. ரேடியேட்டரில் துளை விழுந்தால் எம்‌சீல், அதுவும் விட்டுப்போனால் மஞ்சள்தூள். மஞ்சள்தூள் தண்ணீரில் ஊறிப் பருத்துத் துளையை அடைப்பது உண்மையே. ஆனால் அடைக்க வேண்டிய துளை எது, அடைக்கக் கூடாத நுண்குழாய் எது என்று பிரித்தறியும் ஞானம் மஞ்சளுக்கு இல்லை. இறுதியாக, எஞ்சின் 80 டிகிரியை ஒட்டிச் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் என்னும் வால்வையே கழற்றி எறிந்துவிடுவார்கள். அதன்பின் மார்கழிக் காலையில் எஞ்சின் சூடேறவே மறுத்து டீசலை வாரிக் குடிக்கும். இத்தனையையும் தாங்கி வண்டி ஓடுகிறதென்றால், அந்தப் புகழ் 1979இல் பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று மகிந்திராவுக்கு வந்த டீசல் எஞ்சினின் பொறுமையைச் சேரும்.

இவரைக் கஞ்சர் என்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தில் பிரிவு 17 என்றொன்று உண்டு. குத்தகை நிலங்களைப் பற்றிய அப்பிரிவால் எழுந்த சிக்கலில், ஓவேலியின் எத்தனையோ வீடுகள் அரை நூற்றாண்டாகப் பட்டா இன்றியே நிற்கின்றன. வீட்டையே “இப்போதைக்கு” என்று கட்டி அதில் பேரன் எடுத்தவரிடம் போய், நூறு ரூபாய் ஹோஸ் கிளிப் ஒன்றை நிரந்தரமாக மாட்டச் சொன்னால் அவர் சிரிக்கத்தான் செய்வார்.

எனினும் ஹெட் கேஸ்கட் இவருடைய தத்துவங்களைக் கேட்பதில்லை. எஞ்சினின் உடலுக்கும் தலைப்பகுதிக்கும் இடையே வைக்கும் இத்தகடு, மீண்டும் மீண்டும் சூடேறித் தலை வளைந்ததும் கருகி வழிவிட, தண்ணீர் ஆயிலோடு கலக்கும். அளவுக்குச்சியை உருவிப் பார்க்கையில் கருப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் சேர்த்த தேநீர் நிறத்தில் வரும். புகைபோக்கியில் வெள்ளைப்புகை கிளம்பும். முன்சீட்டில் இருக்கும் அக்கா, “என்ன தம்பி, இப்படிப் புகையுது?” என்றால், “பனிங்கக்கா” என்பார். மே மாத நண்பகலிலும் அதே விடைதான்.

அப்புறம் வண்டியை விற்கும் நாள் வரும். ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் நீட்டிய கையோடு, வாங்க வந்தவரைக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கச் சொல்லி, “ஒரு சொட்டு ஒழுகுதான்னு நீங்களே பாருங்க” என்று சத்தியம் செய்வார். அதில் பொய்யில்லை, முதல் நாள் இரவே ரேடியேட்டரை அவர் முழுக்க வடித்துவிட்டிருப்பார்.