இருந்தும் ஆள் வைத்துக் கொடுப்பவர்

கீழக்கரை சீதக்காதி செத்தும் கொடுத்தார் என்பார்கள். அதே ஊரிலிருந்து துபாய்க்குப் பிழைக்கப் போன நம் சபுராளி காக்கா, குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்துகொண்டே, கொடுப்பதற்கு ஊரில் ஆள் வைத்திருக்கிறார்.

தேராவில் ஆறு பேர் தங்கும் அறையில் கீழ்க்கட்டில் இவருடையது. கணக்கில் புலி. எந்த எக்ஸ்சேஞ்சில் அனுப்பினால் திர்ஹமுக்கு ஐந்து பைசா கூடக் கிடைக்கும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். போன மாதம் மீன் வாங்கிய வகையில் யார் யார் எவ்வளவு பாக்கி என்பது விரல்நுனியில் இருக்கும். "காக்கா, ஜகாத் கொடுத்தாச்சா?" என்று கேட்டால் மட்டும் பதில் வேறு மாதிரி வரும்.

"அதெல்லாம் ஊர்ல பாத்துக்கிடுவாஹ."

ஊரில் யார்? காக்கா வீட்டம்மாவிடம் சொல்வார். அவர் தன் தம்பியிடம் சொல்வார். அந்த மச்சான், நோன்பு இருபதைத் தாண்டியதும் ஜவுளிக்கடைக்குப் போய் 'ஜகாத் சேலை' ஒரு கட்டு எடுப்பார். அதைக் கண்ணுக்கு நேரே விரித்துப் பிடித்தால் தடையில்லாமல் பிறை பார்க்கலாம். 27ஆம் கிழமை வாசலில் வரிசை நிற்கும், சேலை போகும், கடமை முடிந்தது. ஜகாத் பெறத் தகுதியானவர்கள் என்று குர்ஆன் சொல்லும் எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். தெருக்கோடியில் அப்படி ஒருவர் மானத்துக்குப் பயந்து வரிசைக்கு வராமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். மச்சான் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் கடன்பட்டிருப்பதே மச்சானிடம்தான்.

தொகை? "சுமாரா ஒரு அம்பதாயிரம் போட்டுக்க." இந்தச் 'சுமார்' வேறெந்தக் கணக்கிலும் காக்கா வாயில் வராது.

ஒரு ரமலானில், தராவீஹ் முடிந்து கேட்ட தமிழ் பயான் அவரை உலுக்கிவிட்டது. அன்றிரவே தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். நூற்றுக்கு இரண்டரை, அது சுலபம். எதற்கு இரண்டரை என்பதில்தான் வேலை இருந்தது. பிறப்பால் காக்கா ஷாஃபி. வீட்டம்மாவின் நகை என்ற வரி வந்தபோது அந்த மத்ஹபில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார். பெண்கள் அணியும் நகைக்கு ஷாஃபியில் ஜகாத் இல்லை, ஹனஃபியில் உண்டு. அடுத்த வரி, வீடு கட்டிய கடன். ஷாஃபியில் கடன் இருந்தாலும் கையிருப்புக்குக் கொடுத்தாக வேண்டும். ஹனஃபியில் கடனைக் கழிக்கலாம். காக்கா ஹனஃபியானார். ஃபித்ராவை அரிசியாக அளந்து கொடுக்க வேண்டும் என்ற இடத்தில், காசாகக் கொடுக்க அனுமதிக்கும் ஹனஃபியிலேயே நீடித்தார். யாரோ முணுமுணுத்ததற்கு, "நாலு இமாமும் ஹக்குதானப்பா" என்று வாயை அடைத்தார்.

வருஷக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. ஜகாத்தின் ஆண்டு பிறை ஆண்டு, 354 நாள். காக்காவுடையது மார்ச் 31-இல் முடியும் ஆண்டு. வருஷத்துக்குப் பதினொரு நாள் இப்படி ஒதுங்குகிறது. முப்பத்து மூன்று வருஷம் சபரில் இருந்தால் ஒரு முழு வருஷ ஜகாத் மிச்சம்.

ஃபித்ராவின் கதை தனி. பெருநாள் தொழுகைக்கு முன் அது கொடுபட்டிருக்க வேண்டும். துபாயில் பெரும்பாலும் ஒரு நாள் முந்திப் பெருநாள் வந்துவிடும். காக்கா ஈத்கா மைதானத்தில் தொழுது, பிரியாணியும் சாப்பிட்டு, ஏப்பத்துக்கு நடுவே ஊருக்குப் போன் போடுவார்: "எனக்கும் ஒரு ஃபித்ராவைக் குடுத்துடுங்க." ஊரில் அன்று முப்பதாம் நோன்பு, மச்சான் இன்னும் ஃபித்ராக் காசையே எடுத்து வைக்கவில்லை.

இவ்வளவுக்கும், காக்காவின் தலைக்கு மேலேயே ஒரு ஏழை படுத்திருக்கிறான். ஏஜெண்டை நம்பி விசிட் விசாவில் வந்து, வேலையும் இல்லாமல் ஊரில் வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும் மேல்கட்டில் தம்பி. எந்த மத்ஹபைப் புரட்டினாலும் ஜகாத் வாங்கத் தகுதியானவன். அவனுக்குக் கொடுக்கலாமே என்றால் காக்கா குரலைத் தாழ்த்துவார்: "இந்த நாட்டுல அது கேஸாயிடும்." 2021-இல் வந்த அமீரகச் சட்டம் தடுப்பது அனுமதியில்லாமல் நன்கொடை வசூலிப்பதை. சொந்தப் பணத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு மேலே நீட்டுவது வசூலில் சேராது. ஆனால் காக்கா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்; சட்டம் கேட்காத இடத்திலும் கட்டுப்படுவார்.

விடுமுறையில் ஊருக்கு வந்தவர், மனம் கேட்காமல் ஹஜ்ரத்திடமே போய் உட்கார்ந்தார்.

"ஆள் வச்சுக் குடுக்கலாமா ஹஜ்ரத்?"

"தாராளமா. வக்கீல் வைக்க மார்க்கத்துல இடமிருக்கு. ஆனா கணக்குப் பாக்கிறதும், நிய்யத்து வைக்கிறதும், உரியவருக்குப் போய்ச் சேந்துச்சான்னு விசாரிக்கிறதும் ஒங்க பொறுப்பு. நாளைக்கு மறுமையில கேள்வி ஒங்ககிட்டதான் வரும். ஒங்க மச்சான்கிட்ட இல்ல."

காக்காவுக்கு வியர்த்துவிட்டது. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"அது சரி ஹஜ்ரத். அந்த நேரத்துல மச்சானையும் பக்கத்துல நிறுத்திக்கிடலாமா?"