தலைக்கனமும் தலைகீழும்

தலைக்கனம் ஓர் அணிக்குப் பலமா, பலவீனமா?
(ஒரு வாசகர், மத்திகிரி)

ஏப்ரல் 23-ஐக் கேளுங்கள், சொல்லும். 2013 ஐ.பி.எல். கிரிக்கெட்டில் அன்றுதான் பெங்களூரு அணி புனேவுக்கு எதிராக 263 ரன் குவித்தது. கெயில் மட்டும் 175. 2017-ல் அதே தேதி, கொல்கத்தாவில் இலக்கு 132தான். கோலி, கெயில், டிவில்லியர்ஸ் மூவரும் இருந்தும் 49-க்கு ஆல் அவுட்!

அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு பக்கம் வேலைக்குப் போகிறவன் நான். வருஷா வருஷம் பெங்களூரு ரசிகர்கள் 'ஈ சாலா கப் நம்தே' (இந்த முறை கோப்பை நமதே) என்றார்களே, அது ஆணவம்தானே?
(இன்னொரு வாசகர், ஓசூர்)

பதினேழு சீசன் தோற்றவர் சொன்னால் அதற்குப் பெயர் ஆணவமா? பிடிவாதமான பாசம். 2025 ஜூன் 3-ல் பஞ்சாபை 6 ரன்னில் வென்று கோப்பையைத் தொட்டார்கள். மறுநாளே வெற்றிக் கொண்டாட்டத்துக்காகக் கூடியபோது, சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். கூட்டத்தைக் கணக்கில் எடுக்காத அந்த அவசரத்தை மன்னிக்கவே முடியாது.

அப்படியானால் நம்ம சென்னை அடக்கமான அணி, சரியா?
(அதே ஓசூர்க்காரர்)

ஐந்து கோப்பை வீட்டில் இருந்தால் அடக்கம் எங்கே உட்காரும்? 2025-ல் சேப்பாக்கத்திலேயே பெங்களூரிடம் 50 ரன்னில் தோற்றார்கள், 2008-க்குப் பிறகு முதல்முறையாக. சீசன் முடிவில் கடைசி இடம், அதுவும் முதல்முறை. பழைய பெயர்களை நம்பியது போதும் என்று பாதி வழியில்தான் உறைத்தது. அப்புறம் வந்த பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே, பெங்களூரு போய் 48 பந்தில் 94 அடித்தான். அன்றும் 2 ரன்னில் தோற்றோம். ஆனால் அந்தப் பையனின் ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.